துடைத்த ஊசி

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜவுளிக்கடை மாடிக்கு ஏறும் குறுகலான படிகளில் காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முழங்கால் வலிக்காரர்கள், இடுப்புப் பிடிப்புக்காரர்கள், பிள்ளையில்லாதவர்கள், வலிப்பு வரும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டவர்கள். இத்தனை நோய்க்கும் மாடியில் ஒரே வைத்தியம்தான். மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல. தலைமயிர் போல மெல்லிய, குத்தி நிறுத்தி வைக்கிற ஊசி. 'டாக்டர் செல்லதுரை, அக்குபஞ்சர் நிபுணர், ஹாங்காங் ரிட்டர்ன்' என்று சிவப்பு எழுத்தில் பலகை தொங்கியது. ஹாங்காங்கில் அவர் என்ன படித்தார், யாரிடம் படித்தார் என்று படியில் உட்கார்ந்த ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்கள். சீன எழுத்து போட்ட மனித உடம்புப் படத்தைச் சுவரில் பார்த்தார்கள். கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

1985ஆம் வருடம் ஆடி மாதத்தில் சம்பூர்ணமும் அப்படித்தான் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். உடையார்பாளையத்தில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குச் சமைப்பவள் அவள். சோற்று அண்டாவை இறக்கி இறக்கி முழங்கால் விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றை எரித்தது. சத்துணவுக்கூடத்தில் யாரோ செல்லதுரையின் பெயரைச் சொன்னார்கள். வந்துவிட்டாள்.

உள்ளே பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். கெண்டைக்காலில் ஆறாத புண். செல்லதுரை அந்தக் காலிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்றின் நுனியில் ரத்தம் துளிர்த்து நின்றது. நாற்காலி முதுகில் கிடந்த துண்டில் அதைத் துடைத்தார். அந்தத் துண்டு வெள்ளையாக இருந்த காலம் எப்போதோ! பழுப்பும் கறுப்புமாகக் கறை படிந்து, ஓரம் விறைத்துப் போயிருந்தது. துடைத்த கையோடு திரும்பி, அதே ஊசியைச் சம்பூர்ணத்தின் முழங்காலுக்குக் கொண்டுவந்தார்.

அவள் காலைச் சற்று இழுத்துக்கொண்டாள்.

"சார், அந்த ஊசி..." என்று ஆரம்பித்தாள்.

"என்னம்மா?" என்று அவர் தலையைத் தூக்கினார். குரலில் ஒரு அதட்டல் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க."

நாளெல்லாம் அரிசியில் கல் பொறுக்குகிறவள், குழந்தைகளின் தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவச் சொல்கிறவள், அன்று வாயை மூடிக்கொண்டாள். பெரிய மனுஷரைக் கேட்டால் மரியாதையாக இருக்காதே என்ற ஒரே கூச்சம்தான். ஊசி இறங்கியது.

சொன்னால் சொல்ல வேண்டும், வலி கொஞ்சம் குறைந்தது. ஊசியாலா, அரைமணி நேரம் காலை நீட்டிப் படுத்ததாலா என்று அவள் ஆராயவில்லை. குழாயடியில் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சொன்னாள், புருஷன் அழகேசனின் சைக்கிள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பிறகு வரதராஜன்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த தன் அக்கா பாப்பாத்தியிடம் போய்ச் சொன்னாள்.

பாப்பாத்திக்கு வெகுநாளாகச் சர்க்கரை வியாதி. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் விழுங்கிக்கொண்டு, முந்திரிக்கொட்டை பொறுக்கப் போய்க்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாள். அந்தச் சமயம் தோப்பில் ஒரு கட்டை குத்திக் கால் கட்டைவிரலில் சின்னப் புண். அதுதான் ஆறவில்லை.

"வாக்கா, ஒரு தடவ வந்து பாரு. மாத்திரையே வாணாம்ங்கறாரு. சைடு எபெக்டே கெடையாதாம்" என்று தங்கை கையைப் பிடித்து இழுத்தாள்.

செல்லதுரை பாப்பாத்தியின் நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ யோசித்தார்.

"மாத்திரை சாப்புடறீங்களா?"

"ஆமாங்க. சக்கரைக்கு."

"அந்த மாத்திரைதாம்மா உங்க வியாதியே. ஒடம்பு பூரா விஷம் ஏறிக் கெடக்கு. இன்னியோட நிறுத்துங்க. அது உள்ள போற வரைக்கும் என் ஊசி வேலை செய்யாது."

பாப்பாத்தி தயங்கினாள். "ஆஸ்பத்திரி டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தட்டுங்களா?"

"அவரைக் கேட்டா சரின்னு சொல்லுவாரா? அப்பறம் அவர் பொழப்பு என்ன ஆவறது?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பூர்ணமும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பாப்பாத்தியின் கேள்வி அமுங்கிப்போனது.

மாத்திரை நின்றது. ஊசி நடந்தது. கொஞ்ச நாளில் பாப்பாத்திக்குத் தாகம் அடங்காமல் போனது. குடம் குடமாகக் குடித்தாள். விரல் கறுத்தது. புண் பாதத்துக்குப் பரவிச் சீழ் வைத்தது. செல்லதுரை அதைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"சீழா? பேஷ், பேஷ்! இத்தன வருஷக் கழிவு வெளிய வருது. இப்ப நிறுத்திட்டீங்கன்னா அவ்வளவும் உள்ளயே தங்கிடும். பயப்படாம வாங்க."

புண்ணைச் சுற்றி வேலி போட்ட மாதிரி ஊசி குத்தினார். அந்த ஊசிகளும் அதே துண்டில் துடைபட்டு, மேஜை மேலிருந்த எவர்சில்வர் டம்ளருக்குள் போய், அடுத்த ஆளுக்கு எடுக்கப்பட்டன.

வீட்டில் பாப்பாத்தி படுத்த இடத்தை ஈ மொய்த்தது. அழுகிய வாடை வாசல்வரை வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நலம் விசாரித்தார்கள். அவள் புருஷன் நல்லுசாமி பயந்துபோனான்.

"சம்பூர்ணம், வாடையே சரியில்ல. எனக்கு என்னமோ இது நல்லதாப் படல. தஞ்சாவூருக்கு இட்டுக்கிட்டுப் போயிடலாமா?"

"பாதியில விட்டா விஷம் உள்ள தங்கிடும்னு டாக்டரு சொல்றாரே, மாமா. இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்குங்க."

தங்கை சொல்லைக் கேட்டுப் பொறுத்தார்கள். ஒருநாள் காலை கஞ்சி கொடுக்கப் போனபோது பாப்பாத்திக்குப் பேச்சில்லை. கண் செருகி, பெருமூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்தது. கால் பிழைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் பிரித்த அன்று பெண் டாக்டர் ஒருவர் சம்பூர்ணத்தை வெளியே கூப்பிட்டார்.

"சர்க்கரை மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

சம்பூர்ணம் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"உங்க கண்ணு மஞ்சளா இருக்கே. பசி இருக்கா? மூத்திரம் எப்படிப் போவுது?"

"பசியே இல்லீங்க. சாயத்தண்ணி மாதிரி போவுது. அக்காளைப் பாத்துக்கற அலைச்சல்னு நெனச்சேன்."

"நீங்களும் அங்க குத்திக்கிட்டீங்களா? ஊசியைக் கொதிக்க வெச்சாங்களா?"

"குத்திக்கிட்டேங்க. துண்டுல துடைச்சுத்தான் குத்துனாரு" என்றாள் சம்பூர்ணம். அந்தத் துண்டு கண்ணுக்குள் வந்து நின்றது. தாழ்வாரத்துச் சுவரோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள்.

டாக்டர் தண்ணீர் கொடுத்தார். "ரத்தப் பரிசோதனை பண்ணிடுவோம். அசுத்த ஊசியால வர்ற காமாலை மாதிரி தெரியுது. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் ஒடம்புல போச்சுன்னா, ஈரலையே கெடுத்துடும். அந்த வைத்தியமே பொய்னு நான் சொல்லலம்மா. முறையாப் படிச்சவங்க, சுத்தமான ஊசியால, வலிக்குக் குத்தறாங்க. சில பேருக்குச் சுகம் கிடைக்கலாம். ஆனா அது சர்க்கரைக்கு மாத்திரையை ஈடுகட்டாது. புண்ணுல சீழ் வெச்சா அது கழிவு வெளியேறறது இல்ல, காலு அழுவறது."

சம்பூர்ணம் வெகுநாள் படுத்துக் கிடந்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போனாள். படியில் அதே கூட்டம். வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போனாள்.

"எங்க அக்காவுக்குக் கால எடுத்துட்டாங்க" என்றாள்.

செல்லதுரை ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன். பாதியில ஓடிட்டீங்க. நம்பிக்கை இல்லாதவங்களுக்கு ஆண்டவனே வந்து குத்துனாலும் பலிக்காது. என்கிட்டயே இருந்திருந்தா கால் இருந்திருக்கும்."

கூட்டத்தில் ஒருவர் "ஆமாமா" என்று தலையாட்டினார். வாசலில் இருந்த இன்னொருவர் எரிச்சலோடு, "ஏம்மா, ஒங்க வூட்டுச் சண்டைய அப்பறம் வெச்சுக்க. எங்களுக்கு நேரமாவுதுல்ல" என்றார்.

சம்பூர்ணத்துக்குச் செல்லதுரையைவிட அந்தக் குரல்தான் சுட்டது. தானும் இதே அறையில் நின்று சிரித்தவள்தானே? மேஜை மேலிருந்த டம்ளரை எடுத்துக் கட்டில் விரிப்பின் மேல் கவிழ்த்தாள். ஊசிகளோடு கலங்கல் தண்ணீர் கொட்டியது. தடுமல் பிடித்தவனின் சளி போலக் கொழகொழவென்று ஏதோ நூல்நூலாக வந்து விழுந்தது. செத்த எறும்பு. யாருடையதோ ஒரு முடி. உறைந்த ரத்தத் துணுக்கு.

"இதைத்தான் ஒங்க ஒடம்புல குத்தறாரு. கண்ணால பாத்துக்குங்க! எனக்குக் காமாலை வந்துச்சு. ஒங்கள்ல யாருக்கு வந்துச்சு, சொல்லுங்க. வெக்கப்படாதீங்க."

மூலையிலிருந்த பூமாலை என்ற நெசவுக்காரர் மெதுவாகச் சொன்னார். "எங்க வூட்லயும் வந்துச்சு. கழிவு வெளியேறுதுன்னு சொன்னாரு. நம்பி உட்டுட்டோம்."

வலிப்புக்காரப் பிள்ளையை மடியில் வைத்திருந்த பெண் எழுந்தாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் பின்னால் வேறு சிலரும் இறங்கினார்கள். நேரமாகிறது என்றவர் மட்டும் காலியான இடத்தில் நகர்ந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

அழகேசன் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போனபோது, தன் இடுப்பு வலியும் அங்கேதான் குறைந்தது என்று ஏட்டு சொல்லி அனுப்பினார். ஆனாலும் ஊருக்குள் பேச்சுப் பரவிவிட்டது. படியில் ஆள் குறைந்தது. செல்லதுரை ஒருநாள் பூட்டிக்கொண்டு போய்விட்டார். தை மாதம் பெரம்பலூர் போன அழகேசன், கடைவீதியில் புதிதாக ஒரு பலகையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதே சிவப்பு எழுத்து. ஹாங்காங் மட்டும் ஜப்பானாகியிருந்தது. மறுநாளே சம்பூர்ணம் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, அந்தப் பலகைக்குக் கீழே நின்று, வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். சிலர் கேட்டார்கள். பலர் அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள்.

பங்குனியில் ஒருநாள், சம்பூர்ணமும் அங்கே இருந்தபோது, பாப்பாத்தி வீட்டுக்கு வீரம்மாள் வந்தாள். தூரத்து உறவு. வெட்டுப்பட்ட காலைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள்.

"விருத்தாசலத்துல ஒருத்தரு காந்தம் வெச்சு வைத்தியம் பாக்கறாராம் பாப்பாத்தி. சக்கரை இருந்த எடம் தெரியாமப் போயிடுதாம். மாத்திரையே வாணாமாம்."

சம்பூர்ணம் பதில் சொல்ல வாயெடுத்தாள். பாப்பாத்தி கையைக் காட்டி நிறுத்தினாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு எங்க படிச்சாருன்னு கேட்டியா?"

"அதெப்படி கேக்கறது? கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும். நான் கேக்காம போனேன், பாரு, எப்படிக் கெடக்கறேன்னு. காந்தமோ ஊசியோ பச்சிலையோ, எதுவா இருந்தாலும் போறதுக்கு முன்னாடி நமக்கு மருந்து குடுக்கற டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போவணும். குத்தற சாமான நம்ம கண்ணு முன்னால கொதிக்க வெக்கச் சொல்லணும். எல்லா வியாதியும் தீத்துடுவேன்னு ஒருத்தன் சொன்னா அப்பவே எழுந்து வந்துடணும். சாப்புடற மாத்திரைய நிறுத்துன்னு சொன்னா ஓடியே வந்துடணும்."

வீரம்மாள் முகம் சுருங்கியது. "நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"எந் தங்கச்சியும் நல்லதுக்குத்தான் சொன்னா" என்றாள் பாப்பாத்தி. சம்பூர்ணம் தலைகுனிந்தாள். பாப்பாத்தி அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "அவளை நான் குத்தம் சொல்லல. அவளுக்கும் அருவருப்பாத்தான் இருந்துச்சு, எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. மரியாதைன்னு ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டோம். கேள்வி கேட்டா கோவிச்சுக்கறவன் வைத்தியனே இல்ல, வீரம்மா. அவன்கிட்ட ஒடம்பக் குடுக்காத."