இரண்டாம் பொத்தான்

1

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் வாங்கியவர்கள் தங்கள் காரைப் பற்றி எழுதி வைத்திருந்த ஓர் இணையப் பக்கத்துக்குள் வழிதவறிப் போய் நின்றேன். சொகுசு ரகம், உருவத்தில் சின்னது, ஓட்டத்தில் துடிப்பானது என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு எஸ்.யூ.வி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த வண்டியின் விலைக்கு ஏணி வைத்தாலும் எட்டமாட்டேன். இருந்தும் ஒரு மதியம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். "பின்சீட் சிறியது. மற்றபடி நிறைவு" என்று யாரோ எழுதியிருந்தார். ஒரு குடும்பமே அந்த வரிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

நான் விரும்பிப் படிப்பவை மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் பனி பெய்யும், ரயில் தாமதமாகும், யாராவது மேல்கோட்டைக் கழற்றாமலே அழுவார்கள். யாரும் யாருக்கும் போன் போட்டு "பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஒருத்தியைப் பற்றி எழுத ஆசை வந்தது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மழை விட்டும் தூறல் விடாத ஒரு காலையில் அவள்— (நாவல்களிலிருந்து கசிந்த மழை. வேண்டாம்.)

திருப்தி என்பது மனிதர்கள் கண்டுபிடித்தவற்றிலேயே மிகவும்— (யார் கேட்டது?)

அவளை அலுவலகத்தில் 'பத்துராணி' என்று கூப்பிடுவார்கள்.

இது நிற்கிறது.

2

அவளை அலுவலகத்தில் 'பத்துராணி' என்று கூப்பிடுவார்கள். ஷோரூமின் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தலையில் மாட்டிய மைக்கோடு உட்கார்ந்து, கார் வாங்கியவர்களை ஆறாவது மாதத்தில் கூப்பிட்டுத் திருப்தியா என்று கேட்பது அவள் வேலை. கீழே அந்த வண்டிகள் பளபளத்துக்கொண்டு நிற்கும். அவள் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. ஆனால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அங்கே ஒரு விசித்திரமான விதி. ஒன்பதும் பத்தும்தான் திருப்தி. எட்டு கொடுத்தால் பூஜ்யம் கொடுத்ததாகவே கணக்கு.* பள்ளிக்கூடத்தில் எட்டு வாங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய ஊர்களில் இப்படி ஒரு விதி. மற்றவர்கள் எட்டிலேயே மாட்டிக்கொண்டு முழிக்கும்போது இவள் மட்டும் எப்படியோ பத்து வாங்கிவிடுவாள். கெஞ்சி அல்ல. கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

* இந்த விதியை நான் இட்டுக்கட்டினேன். எங்காவது நிஜமாகவே இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

அன்றைக்கு அவள் கூப்பிட்ட எண் ஒரு பல் டாக்டருடையது. வண்டி அந்த அம்மாள் பேரில்தான் இருந்தது.

"வணக்கம் மேடம், நீங்க கார் வாங்கின ஷோரூம்லேருந்து பேசுறேன். உங்க அனுபவம் எப்படி—"

"எட்டு."

"நான் இன்னும் கேள்வியே கேக்கல மேடம்."

"நீ எதைக் கேட்டாலும் எட்டுதான். சீக்கிரம் முடிச்சுக்கோ. ஒருத்தர் வாயைத் திறந்து வச்சுட்டுக் காத்திருக்காரு."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: "பத்துன்னு சொல்லு! பத்து!"

"அது யாரு மேடம்?"

"வாயைத் திறந்து வச்சிருக்கிறவரேதான். என் வீட்டுக்காரர். ஆடிட்டர். ஊரான் கணக்குல எல்லாம் குறைப்பாரு, இதுல மட்டும் ஏத்துவாரு."

"வண்டி ஓட்டுறதுக்கு எப்படி இருக்கு மேடம்?"

"நான் ஓட்டி மூணு மாசமாச்சு. ஸ்டூல் மேல ஏறித் திரைச்சீலை மாட்டப் போனேன். கணுக்கால் முறிஞ்சுது. வலது கால். இப்ப அவர்தான் ஓட்டுறாரு. ஓட்டுறாருன்னு சொன்னா வண்டிக்கு அவமானம். உருட்டுறாரு. சிங்கத்தை வாங்கிட்டு வந்து புல் மேய்க்கிற மாதிரி."

"வேகத்தடை இருக்குல்ல!" என்றது பின்னாலிருந்து.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. அது வர்றதுக்கு ரெண்டு தெரு முன்னாடியே பிரேக் போட்டா எப்படி?"

பத்துராணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, குறை ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

"உண்டு. எழுதிக்கோ. டிரைவர் சீட்டு. அவர் நெட்டை, நான் குட்டை. அவர் சீட்டைப் பின்னாடி தள்ளிவச்சு ஓட்டிட்டு வர்றாரு. மறுநாள் காலையில போய்ப் பார்த்தா அது தானா முன்னாடி வந்து நிக்குது. தினமும் மனுஷனுக்கு முட்டி ஸ்டீயரிங்ல இடிக்குது. இவ்வளவு காசு குடுத்து வாங்கின வண்டி தன்பாட்டுக்கு நடமாடுமா?"

பின்குரல் சட்டென்று ஓய்ந்துவிட்டது. கேட்பதே தொழிலாக இருப்பவளுக்கு அந்த ஓய்வும் காதில் விழுந்தது.

"கதவுல ஒண்ணு, ரெண்டுன்னு பொத்தான் இருக்கும் மேடம். ஒண்ணுல உங்க அளவு பதிஞ்சிருக்கும். ரெண்டுல சாரோட அளவைப் பதிச்சுட்டா, காலையில ஒரு தடவை அமுக்கினா போதும்."

"சொல்லியாச்சு. வேணாம்னுட்டாரு. ரெண்டாவது பொத்தான் இன்னும் காலி." குரல் தணிந்தது. "பிடிச்ச வண்டியா இருந்தா தன் அளவைப் பதிச்சு வைக்கமாட்டாரா? பஸ்ல விளிம்புல உக்கார்ற மாதிரி உக்காந்து ஓட்டுறாரு. ஆசைப்பட்டு வாங்கினது நான். எனக்காகப் பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கிறாரு. நானும் இனிமே ஓட்டப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வண்டியை வந்து பாக்குறாரு. வித்துடலாம்னு இருக்கேன்."

பத்துராணி புகாரைப் பதிவு செய்தாள். மெக்கானிக் வந்து சீட்டின் நினைவை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றித் தருவார் என்று சொன்னாள். மதிப்பெண் கேட்க வாயெடுப்பதற்குள், "அவருக்குத் தாடை வலிக்குது" என்று பல் டாக்டர் வைத்துவிட்டார்.

3

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். பத்துராணிக்கென்று ஒரு சோகம் வேண்டுமோ? அவளை விட்டுப் போன ஒருவன், அவன் ஓட்டிப்போன— (இல்லை. அடுத்தவர் கதையைக் கேட்கிறவளுக்குச் சொந்தமாகவும் ஒரு காயம் இருந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? அவள் நன்றாக இருக்கிறாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாள்.)

ஆடிட்டரைத்தான் நம்ப முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ரசீது கேட்டே பழகியவர். ரசீது கிடைக்காத ஒரு காரியத்தை அவர் செய்வாரா? அவரே வந்து சொன்னால்தான் உண்டு என்று விட்டுவிட்டேன்.

வந்தார். மறுநாள் அவள் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரும்போதே மணி அடித்தது.

"அம்மா, நேத்து ஒரு சீட்டு புகார்..." குரல் எதிரொலித்தது. எங்கோ வண்டி நிறுத்தும் தளத்திலிருந்து கிசுகிசுப்பாகப் பேசுகிறார் என்று புரிந்தது. "அதை எடுத்துடுங்கம்மா."

"ஏன் சார்? கோளாறுன்னு மேடம் சொன்னாங்களே."

"கோளாறு இல்ல. நான்தான்."

"என்ன சார்?"

"அவளை வாசல்ல இறக்கிவிட்டுட்டுக் கீழ வந்து நிறுத்துவேன். இறங்கின பிறகு ஒண்ணாவது பொத்தானை அமுக்கிட்டு வருவேன். சீட்டு அவ அளவுக்குப் போயிடும். மொத நாள் தெரியாம உள்ள உக்காந்தே அமுக்கிட்டேன். பாக்குவெட்டியில சிக்கின பாக்கு மாதிரி ஆயிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"எலும்பு டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாரும்மா. கால் சரியாயிடுச்சு. ஆனா அது காலுக்குத் தெரியல. பிரேக்கை அமுக்கணும்னா பயப்படுது. என்னைக்காவது ஒரு காலையில மனசு மாறி அவளே சாவியை எடுத்துட்டு இறங்கி வருவா. வந்து கதவைத் திறக்கிறப்போ சீட்டு என் அளவுக்குப் பின்னாடி கெடந்தா? 'சரி, இது இப்ப அவர் வண்டி'ன்னு திரும்பிப் போயிடுவா. அவளை எனக்குத் தெரியும்."

"ஒண்ணாம் பொத்தானை அமுக்கினா முன்னாடி வந்துடுமே சார்?"

"அமுக்குறதுக்கு ஒரு தைரியம் வேணும்ல. அந்த ஒரு தைரியத்தையாவது மிச்சப்படுத்தலாமேன்னுதான்."

(இந்த வாக்கியத்தை அவர் சொல்லப்போகிறார் என்று எனக்கும் தெரியாது. இதற்குப் பிறகு அவரைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டேன்.)

"மேடம்கிட்ட இதையே சொல்லிடலாமே சார்."

"சொன்னா, 'ஓட்டு, ஓட்டு'ன்னு நான் பின்னாலிருந்து தள்ளுற மாதிரி ஆயிடும். உங்க மெக்கானிக் வந்து நினைவை அழிச்சா, திரும்ப அவ உக்காந்துதான் அளவு பதிக்கணும். அவ உக்கார மாட்டா. ஞாயித்துக்கிழமை வேற வருது. புண்ணியமாப் போகும், எடுத்துடுங்க."

ஒரு சிக்கல். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் வாயால் சம்மதம் சொன்னால்தான் புகாரை எடுக்க முடியும். அதை அவரிடம் சொன்னாள்.

"என்னைக் காட்டிக்குடுக்காம கேக்க முடியுமாம்மா?"

"பாக்குறேன் சார்."

4

பத்துராணி பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. ஆனால் அவளுடைய பத்துகள் எதுவும் பொய்யால் வந்தவை அல்ல. மாலையில் பல் டாக்டரைக் கூப்பிட்டாள். மணி நின்றதும் ஒரு குகைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. டிக், டிக், டிக் என்று இண்டிகேட்டர் சத்தம். போன் காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. இருவரும் வண்டிக்குள் இருந்தார்கள்.

(இனி அவள் காதில் விழுவது மட்டும்தான் உங்களுக்கும் கிடைக்கும். எனக்கும் அவ்வளவுதான்.)

"யாரு, எட்டுக்காரியா? சொல்லும்மா."

"மேடம், அந்த சீட்டுப் புகாரை முடிச்சுவைக்க உங்க சம்மதம் வேணும்."

"ஏன்? மெக்கானிக் இன்னும் வரவே இல்லையே."

"அது... கோளாறு இல்ல மேடம்."

"கோளாறு இல்லன்னா யாரு தள்ளிவைக்கிறா? பேயா?"

டிக், டிக், டிக். இரண்டு தெரு தள்ளித் திரும்புவதற்கு இப்போதே இண்டிகேட்டர் போட்டிருக்கிறார் என்று பத்துராணி நினைத்துக்கொண்டாள். பேசாமல் இருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

"நான்தான்," என்றார் ஆடிட்டர்.

"நீங்க என்ன?"

"தினமும் நான்தான் ஒண்ணை அமுக்கிட்டு வருவேன்."

"எதுக்கு? தினம் முட்டியில இடிச்சுக்கவா? பைத்தியமா உங்களுக்கு?"

"நீ வந்தா உக்காரணும்ல."

இண்டிகேட்டர் நின்றது. வண்டியும் நின்றிருக்க வேண்டும்.

"நான் வரலேன்னா?"

"இடிக்கட்டும். என் முட்டிதானே."

பிறகு வந்த மௌனத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் படிக்கும் நாவல்களில் இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டுவார்கள். பத்துராணிக்கு எதிரே இருந்தது கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மேலாளர் நின்று, கையால் கத்திரிக்கோல் காட்டி, போனை வை என்றார். அவள் நாற்காலியைச் சுழற்றிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இங்கே பாருங்க," என்றது பல் டாக்டரின் குரல், நோயாளியிடம் பேசும் தோரணையில். "முதல்ல உங்க அளவை ரெண்டுல பதிங்க."

"வேணாம்மா. அப்ப நீ—"

"பதிங்கன்னா பதிங்க. என் வண்டி. எனக்கு எந்தப் பொத்தானும் காலியா இருக்கக் கூடாது."

கீச்சென்று ஒரு சின்ன ஒலி. பதிந்துவிட்டது.

"இப்ப என்ஜினை நிறுத்திட்டு இறங்குங்க."

"எதுக்கு?"

"இறங்குங்களேன்!"

ஒரு கதவு திறந்தது. மறுபக்கம் இன்னொன்று. தெருச் சத்தம் உள்ளே வந்தது. யாரோ ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். காலை மெதுவாக எடுத்துவைக்கும் ஓசை வண்டியைச் சுற்றி வந்தது. ஒரு கதவு மூடியது. சற்றுப் பொறுத்து மற்றது.

பிறகு மோட்டாரின் முனகல். சீட்டு முன்னால் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் வந்தது என்பதிலிருந்து ஆடிட்டர் எவ்வளவு நெட்டை என்று பத்துராணி கணக்குப் போட்டாள்.

உடனே, டிங். மறுபடியும், டிங்.

அந்த மணி அவளுக்குத் தெரியும். பிரேக்கை அழுத்தாமல் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் அந்த வண்டி கிளம்பாது. மணியடித்து, 'பிரேக்கை அழுத்தவும்' என்று திரையில் காட்டும். வலது காலால், நன்றாக அழுத்தவேண்டும்.

"அவசரமில்ல," என்றார் ஆடிட்டர், இப்போது பக்கத்து சீட்டிலிருந்து.

"தெரியும்," என்றார் அந்த அம்மாள்.

டிங்.

5

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்றில், என்ஜின் உறுமுகிறது. ஸ்போர்ட் மோடு. ஆடிட்டர் மேலே உள்ள கைப்பிடியைத் தொற்றிக்கொண்டு, "வேகத்தடை! வேகத்தடை!" என்று அலறுகிறார். "எழுதிக்கோ பொண்ணு, பத்து!" என்று ஒரு குரல். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் நம்ப மறுக்கிறேன்.

இன்னொன்றில், கதவுகள் மறுபடி திறந்து மூடுகின்றன. சீட்டு பின்னால் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு அளவையும் அழிச்சுடலாம்ல?" என்று— (இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.)

பத்துராணி இன்னும் போனை வைக்கவில்லை. திரையில் மதிப்பெண் கட்டம் காலியாக இருக்கிறது. எட்டு என்று போட்டுவிட்டுக் கிளம்பலாம், மேலாளர் நிற்கிறார். அவள் 'வாடிக்கையாளர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், பிறகு அழைக்கவும்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதபடி மைக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வரி உண்மையாகிவிடும் என்று நினைத்தாளா, உண்மையாகட்டும் என்று நினைத்தாளா, கேட்டால் சொல்லமாட்டாள்.

முன்பே சொன்னேன், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் போதும், பயந்த கால் எப்போது பயத்தை மறக்கும், இதெல்லாம் நான் அறியாதவை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சீட்டு உங்கள் அளவுக்குச் சரியாக இருக்கிறது. யாரோ தினமும் முட்டியை இடித்துக்கொண்டு அதைப் பார்த்து வைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சாலையைப் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் கூச்சப்படக் கூடாதென்று.

டிங்.

உங்கள் வலது பாதம் இப்போது எங்கே இருக்கிறது, பாருங்கள்.