சுருதியைக் கழித்தால் மிச்சம்

ரேடியோக்காரி என்றுதான் தெருவில் அவளுக்குப் பேர். பழைய ரேடியோக்களின் வயிற்றைக் கிழித்து எடுத்த பாகங்களை வைத்தே, பிசிறில்லாத ஒற்றைச் சுருதியை எழுப்பும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தாள். ஒலி கூடாமல் குறையாமல் காப்பது உள்ளே இருந்த குட்டி பல்பு.

ஒலிப்பதிவுக் கூடத்துப் பொறியாளர் அம்மா மறுநாள் பார்க்க வருகிறார். கூடத்துக் கருவிகளைச் சோதிக்க இந்தப் பெட்டி தேறினால் அங்கே ரிப்பேர் வேலை அவளுக்கு. தேறாவிட்டால் காலம் முழுக்க இஸ்திரிப் பெட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஆனால் பெட்டியின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தால், திரையில் சுருதிக்குப் பக்கத்தில் பிசிறு ஒன்று முள்ளாக நின்றது. பல்பை மாற்றினாள், ஐசியை மாற்றினாள், வயரைக்கூட விடவில்லை. அந்தப் பாழாய்ப்போன முள் இம்மியும் அசையவில்லை. கடைசியில் அலுத்துப்போய், கம்ப்யூட்டருக்குள் போகும் ஒலியைக் குறைத்தாள். முள் இருந்த இடமே தெரியவில்லை. பலத்த ஒலியைத் தாங்காமல் பிசிறடித்தது கம்ப்யூட்டரின் மலிவான சவுண்ட் கார்டுதான்.

"பொய்ச் சாட்சிய நம்பி, ஒரு வாரமா என் பிள்ளையப் போட்டு அடிச்சிருக்கேன்" என்றாள் புருஷனிடம்.

"பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்து சாப்பிடு."

சாப்பாடு ஆறிப்போனது. அவள் ஒரு வடிகட்டி செய்துகொண்டிருந்தாள். அது சுருதியை மட்டும் விழுங்கிவிடும்; மிஞ்சும் பிசிறைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம்.

மறுநாள் பொறியாளர் அம்மா பக்கத்தில் உட்கார, வடிகட்டியின் குமிழை மெல்லத் திருப்பினாள். திரையில் மலையாக நின்ற சுருதி அமிழ்ந்துகொண்டே போனது. அடியில் வெறும் இரைச்சல், புல்தரை மாதிரி. முள் ஒன்றுகூட இல்லை. இன்னும் பெரிதாக்கினார்கள். அப்போதும் இல்லை. தன் கைதான் இதைச் செய்ததா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"எங்க மெஷினுக்கே இவ்வளவு கீழ பார்க்க வராதும்மா" என்றார் அவர்.

திடீரென்று புல்தரை துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது.

"இது என்ன?"

அவள் திரையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெளியே காதைக் கொடுத்தாள்.

"என் வீட்டுக்காரர் படியேறி வர்றாருங்க. அந்த அதிர்வுல பல்புக்குள்ள இழை ஆடுது."

பொறியாளர் அம்மா வாசலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "ஐயா, அங்கேயே நில்லுங்க."

புருஷன் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். திரை அடங்கியது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பொறியாளர் அம்மா கிசுகிசுத்தார்: "நாளைக்கே வேலைக்கு வந்துடறியா?"

வாயைத் திறந்தால் இழை ஆடிவிடுமோ என்ற பயத்தில், ரேடியோக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.