ஆறு நிமிஷம் பின்னால்

மணப்பெண்ணைப் பெற்றவளே நிக்காஹ்வைப் பார்க்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ரசியா பார்க்கவில்லை. திருக்கனூர் மண்டபத்து மாடியில் பெண்கள் எல்லாரும், கீழே ஆண்கள் கூடத்தில் நடப்பதைக் காட்டும் டிவி முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பக்கத்து அறையில் மகள் ஷைஸ்தாவின் முக்காட்டுக்கு ஒரு ஊக்கு தேடிக்கொண்டிருந்தாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. தன் கழுத்துச் சங்கிலியிலேயே மூன்று ஊக்கு தொங்குவதை மறந்து, பை பையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை 'கபூல்' என்று சம்மதம் சொல்லிவிட்டான். மாடி முழுக்கக் குலவை கிளம்பியது. ஓடி வந்து பார்த்தால் துஆவும் முடிந்து, ஆண்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாம்மா நீ, இதுக்குப் போயி அழுவற?" என்று இளையவள் அஃப்சானா ரிமோட்டை எடுத்தாள். "பின்னாடி இழுத்தா ஆச்சு."

"கீழ இன்னும் வீடியோ எடுத்துக்கினு இருக்காங்களேடி. எடுத்து முடிக்காம எப்பிடிக் காட்டும்?"

"அது பாட்டுக்கு ரெக்கார்ட் ஆவும். நாம பாட்டுக்குப் பாக்கலாம்."

படம் ஆறு நிமிஷம் பின்னால் போனது. மாப்பிள்ளை மறுபடியும் கபூல் சொன்னான். நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத் மறுபடியும் துஆவுக்குக் கையேந்தினார். பழக்க தோஷம், மாடியிலிருந்த அத்தனை பேரும் மறுபடியும் ஆமீன் சொன்னார்கள். ஒரே துஆவுக்கு ரெண்டு ஆமீன் என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

ரசியா சிரிக்கவில்லை. டிவியில் தெரிந்த கூட்டத்தின் கடைசியில், தூணோரத்து நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தொப்பி இல்லை. கைக்குட்டையைத் தலையில் கட்டியிருந்தான். தன் கடையில் போட்டிருந்த சட்டையோடு அப்படியே கிளம்பி வந்திருக்கிறான். அவள் தம்பி அஷ்ரப்.

பேச்சு நின்று நாலு வருஷமாகிறது. தன் மகன் ஃபைசலுக்கு ஷைஸ்தாவைக் கேட்டான். ஷைஸ்தா முடியாது என்றாள். ரசியா மகள் பக்கம் நின்றாள். அவ்வளவுதான். போன மாதம் பத்திரிகை வைக்க நெட்டப்பாக்கம் போனபோது அவன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை, அவன் பெண்டாட்டிதான் வாங்கிக்கொண்டாள். இன்று பெண்ணிடம் சம்மதம் கேட்க மாடிக்கு வந்த சாட்சிகளில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். அப்போதும் ரசியா பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடித்தான் இருக்கிறது.

"இன்னொரு தபா போடுடி."

அஷ்ரப் கையேந்தினான். உதடு அசைந்தது. முகத்தைத் தடவிக்கொண்டான், பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். எவ்வளவு இளைத்துவிட்டான்! தாடியெல்லாம் நரை. "இன்னொரு தபா" என்றாள். பிறகு இன்னொரு தடவை. பார்த்துப் பார்த்தும் அவளுக்கு ஆசை அடங்கவில்லை.

"அம்மா, இது அப்போ நடந்ததும்மா" என்றாள் அஃப்சானா மெதுவாக. "மாமா இப்போ எங்க இருக்காரோ?"

ரசியா சட்டென்று எழுந்தாள். "இப்போ நடக்கறதப் போடு!"

படம் ஒரு தாவு தாவியது. ஆண்கள் பந்திக்குப் போய்விட்டார்கள். தூணோரத்து நாற்காலி காலியாக இருந்தது.

அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் புருஷன் பஷீர் அகமது நின்றிருந்தார்.

"ஒன் தம்பி வந்துட்டுப் போறான். கையப் புடிச்சு இழுத்தேன், சாப்புட நிக்கல."

"எப்போ?"

"இப்பத்தான். மூணு நிமிஷம் இருக்கும்."

மூன்று நிமிஷம். அவன் வண்டியை எடுத்தபோது அவள் மாடியில் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை பார்த்ததுமே இறங்கி வந்திருந்தால் கையைப் பிடித்திருக்கலாம். தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. போன் போட்டாலும் எடுக்க மாட்டான், நாலு வருஷமாக எடுத்ததில்லை.

ஆளில்லாத கூடத்தில் வீடியோக்காரர் ஆண்டனி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் கேமராவின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"அண்ணே, இன்னும் ஓடுதா?"

"ஓடுதும்மா. பந்தி முடியறவரைக்கும் ஓடும்."

"பத்திரிகையில அடிச்சமே, அந்த லிங்க்ல பாக்கறவங்களும் பின்னாடி இழுத்துப் பாக்கலாமா?"

"தாராளமா. வூட்டுக்குப் போயிக்கூட இழுத்துப் பாப்பாங்க."

ரசியா தூணோரம் போனாள். அவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கேமராவை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"அஷ்ரப்பு, சாப்புடாமப் போயிட்டியேடா. ஒனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். ஷைஸ்தா அஸர் தொழுகைக்கு அப்பறந்தான் மாப்பிள்ளை வூட்டுக்குக் கெளம்புறா."

பந்தியில் பாத்திரச் சத்தம் கேட்டது. எழுந்து போக மனமில்லாமல், காலி நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.