ஒரு வாரம் மூத்த தார்

என் தோட்டத்து வாழையை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். அந்த வீம்புதான் என்னைக் கெடுத்தது. என்னை மட்டுமா?

என் மனைவியின் தங்கை அனிதா மேரி ஒன்பது வருஷம் அடுத்தவர் கம்பெனியில் காய் கழுவி, தரம் பிரித்துத் தொழில் கற்றவள். போன வருஷம் ராயப்பன்பட்டியில் சொந்தமாகப் பேக்கிங் ஷெட் போட்டாள். ஐரோப்பாவுக்கு அவள் பேரில் முதல் கண்டெய்னர். ஊரில் பதினோரு பேர் காய் கொடுப்பதாகப் பேச்சு. அதில் நானும் ஒருவன்.

வெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது தோட்டத்துக்கு வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“மச்சான், கப்பல் இப்ப ஆப்பிரிக்காவச் சுத்திப் போகுது. ரெண்டு வாரம் கூடுதலாகும். அதனால முன்னாடியே வெட்டணும். நீல ரிப்பன் தார் மட்டும் குடுங்க. செவப்பு உள்ளூருக்கு.”

குலை தள்ளிய வாரத்துக்கு ஒரு நிறமாக ரிப்பன் கட்டி வைப்போம். நீலத்தைவிடச் சிவப்பு ஒரு வாரம் மூத்தது.

“இது வெரல் கணக்கா இருக்கு. அங்கன உள்ளவுக பாத்தா சிரிப்பாக.”

“அங்கன போயித்தான் பழுக்கணும் மச்சான். வழியில நாலு காய் பழுத்தாலும் அதுல இருந்து வர்ற காத்துல மத்ததெல்லாம் பழுத்துரும்.”

தலையை ஆட்டினேன். மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் வாழை வைத்தவனுக்கு இவள் பாடம் எடுக்கிறாளே என்றிருந்தது. திரண்டு நிற்கிற தாரை உள்ளூர்க் கடைக்குத் தள்ளிவிட்டு, நோஞ்சான் காயைக் கடல் தாண்டி அனுப்புவதா? வெட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் பதினாறு தாரில் சிவப்பை அவிழ்த்துவிட்டு நீலத்தைக் கட்டினேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. போகிற இடத்தில் என் காய் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். மடையன்.

ஷெட்டில் அனிதா ஒரு சீப்பைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினாள்.

“கொஞ்சம் பருமனா இருக்கே மச்சான்?”

“என் மண்ணு அப்படி.”

சிரித்துக்கொண்டே பெட்டியில் வைத்தாள்.

முப்பத்தைந்தாம் நாள் ஐரோப்பாவிலிருந்து அவள் போனுக்குப் படங்கள் வந்தன. மஞ்சளும் கறுப்புமாகப் பெட்டி பெட்டியாய்ப் பழம். ஒன்றுகூடக் கடைக்குப் போகவில்லை. அத்தனையும் குப்பைக்கு.

பதினோரு பேரையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டு, “தப்பு என்னோடது, நான்தான் நாள சரியாப் பாக்கல” என்று கும்பிட்டாள். பதினோராவது ஆளாக நானும் நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்துத் தோட்டத்துக்குத் தனியாக வந்தாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

“பழைய கம்பெனியில திரும்ப வரச் சொல்லுறாக மச்சான். நீங்க வாழையில ஊறுனவுக. உண்மையச் சொல்லுங்க. வாரக் கணக்க நான் தப்பாவா போட்டேன்? கணக்கு சரிதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். இன்னொரு தடவ அனுப்பிப் பாத்துருவேன்.”

அவள் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சரிதான் என்றால், அடுத்து எது தப்பு என்று தேடுவாளே. ஊர் என்ன சொல்லும், என் வீட்டுக்காரி முகத்தில் எப்படி முழிப்பது என்று அந்த நேரத்திலும் என்னைப் பற்றியே ஓடியது புத்தி.

“தப்பாத்தான் போட்டிருப்ப ஆத்தா,” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் பழைய கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.