எதிர்வீட்டு மாடிகள்

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தையல் மெஷினுக்குப் பின்னால் அக்கா. ஜன்னலோர மேசையில், கோப்பும் பேனாவுமாக, அவள் தம்பியாகிய நான். நகராட்சி வரிப்பிரிவுக் கண்காணிப்பாளர், அளவு கொடுக்க வருகிற குழந்தைகள் உட்காரும் குட்டி ஸ்டூலில். நாற்காலி இருந்தது, அதில் துணிமூட்டையை ஏற்றி வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான். வீடுகளை அளக்கும் ஊழியர் வாசற்படியில், டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஓர் அறை, ஒரு சமையலறை, மேலே தகரக் கூரை. இந்த வருட வரிச் சீட்டில் அது மூன்று மாடிக் கட்டடமாக வளர்ந்திருந்தது. வரியும் பதினோரு மடங்கு. கட்டாவிட்டால் திங்கட்கிழமை தையல் அறைக்குச் சீல் வைப்பார்கள். அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதலில் அவள் தனியாகத்தான் போய்க் கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், கண்காணிப்பாளர் சீட்டைப் பார்க்காமலே சொன்னாராம்: "மாடி வீடு கட்டுற மாதிரி கனவு கண்டியாம்மா? கனவுக்கும் வரி உண்டு, போய்க் கட்டு." வரிசை சிரித்தது. இதை எனக்குச் சொல்ல அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளில் அவள் தைத்த சட்டை ஒன்றில் இடக்கையும் வலக்கையும் மாறி ஏறியிருந்தன. இருபது வருடத்தில் அவள் அப்படித் தைத்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. தெருவில் எனக்குப் 'பெறுநர்' என்றே பெயர். மூன்று மனு எழுதினேன். 'அளவு சரியானதே' என்று கண்காணிப்பாளர் கையொப்பத்தோடு மூன்று முறையும் ஒரே பதில். நான்காவது எழுதுவதற்கு முன், நகராட்சி வாசலில் ஒட்டியிருந்த தெருப் பட்டியலை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். எங்கள் எதிர்வீடு மூன்று மாடி, இரும்பு கேட். பட்டியலில் அது ஓர் அறை, தகரக் கூரை. அது கண்காணிப்பாளருடைய மாமனார் வீடு. இரண்டு பதிவுகளையும் அப்படியே நகல் எடுத்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பல நாள் கழித்துப் பசி எடுத்தது.

ஆணையருக்குக் கடிதம் எழுதி முடித்தேன். அதில் என்ன இருக்கிறது என்பதை அந்த இரும்பு கேட்டருகே நின்று, பால்காரரிடம் சற்று உரக்கவே சொன்னேன். மறுநாள் கண்காணிப்பாளர் எங்கள் ஸ்டூலில்.

திருத்திய சீட்டு சட்டைப்பையில் இருப்பதாகச் சொன்னார். கடிதத்தைக் கிழித்தால் அது எங்களுக்கு. தப்பெல்லாம் ஊழியருடையது என்றார். மழைக்கு எங்கள் கூரையடியில் ஒதுங்கி நின்றவர், எதிர்வீட்டைக் கண்ணாலேயே அளந்து, தன் தலைக்கு மேலிருந்த எங்கள் கதவு எண்ணைப் போட்டுவிட்டாராம்; எங்கள் அளவு எதிர்வீட்டு எண்ணில் ஏறிவிட்டதாம்.

"இவனுக்கு மழை பெஞ்சா மூளை நனைஞ்சிடும்" என்று சிரித்தார். கூடச் சிரிக்க அங்கே வரிசை இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், நான் தயங்கினேன். திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"சார், அன்னைக்குக் கவுன்ட்டர்ல சொன்னீங்களே, அத இங்க ஒரு தடவ சொல்லுங்க. என் தம்பியும் கேக்கட்டும்."

"எதம்மா? ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க. யாருக்கு என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்குமா?"

"எனக்குச் சொன்னது ஒரே ஆளுதான்."

அப்போது வாசற்படியிலிருந்து ஊழியர், குனிந்த தலை நிமிராமல் பேசினார். "மறுநாளே வந்து சொன்னேனே சார், நம்பர் மாறிப்போச்சுன்னு. இருக்கட்டும் விடுன்னீங்க. இப்ப என் மூளை நனைஞ்சிடுச்சா?"

நான் பேனாவைத் திறந்தேன். ஊழியர் சொன்னதை அவர் சொன்னபடியே கடிதத்தின் அடியில் எழுதி, வாசித்துக் காட்டினேன். அவர் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார். தேதியையும் நான் சொல்லாமலே போட்டார்.

கண்காணிப்பாளர் எழுந்திருக்கப் பார்த்தார். அந்த ஸ்டூலிலிருந்து அவ்வளவு பெரிய உடம்பு எழுவதற்கு நேரமாகும். நான் கை கொடுக்கவில்லை.

"திங்கக்கிழமை சீல் வச்சா என்ன பண்ணுவ?" என்றார் அக்காவிடம்.

"கனவுல தைப்பேன். அதுக்கும் வரி போடுங்க."

கடிதத்தை உறையிலிட்டு, காலர் துணிக்குத் தடவும் பசையை அக்கா அதன் வாயில் தடவினாள். இஸ்திரிப் பெட்டி சூடாகவே இருந்தது. கண்காணிப்பாளர் கண்ணெதிரே, ஒரு காலரை அழுத்துகிற பதத்தில், ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்தாள். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"இத நானே போடறேன்டா."

எதிர்வீட்டு கேட்டைத் தாண்டும்போது ஆணையர் முகவரி வெளியே தெரியும்படி உறையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். தபால் நிலையத்தில் வரிசை இருந்தது. அவள் முறை வந்ததும் உறையைத் தராசில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"பதிவுத் தபால். ரசீது குடுங்க."