லூடர்ஸ் மறக்காத பெயர்

"தவமணி," என்றார் கிழவர்.

அவருக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்த மனோரஞ்சிதம் பின்வாங்கினாள். ஹோர்சன்ஸ் நகரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் அவளை, அந்தப் பெயரால் கூப்பிட டென்மார்க்கில் அவள் புருஷனைத் தவிர ஓர் ஈ காக்கைகூடக் கிடையாது.

தவமணி என்பவள் எண்பதுகளில் வட ஜெர்மனியில் ஓர் அகதி முகாமிலிருந்து எல்லை தாண்டி ஓடிவந்தவள். அங்கே அடைக்கலம் மறுக்கப்பட்டவளை இங்கேயும் விரட்டுவார்கள் என்று பயந்து, இறந்துபோன அக்கா மனோரஞ்சிதத்தின் பெயரைத் தன் பெயராகக் கொடுத்தாள். அந்தப் பெயரில்தான் இன்று குடியுரிமை. குட்டு உடைந்தால் அது பறிபோகும்.

கிழவர் ஹார்ட்விக் லூடர்ஸ் லேசுப்பட்டவர் அல்ல. ஜெர்மனியில் நகரசபை உறுப்பினராகத் தொடங்கி, மாவட்டத் தலைவராகி, மாநில மந்திரிவரை ஏறியவர். முதுமையில் டேனிஷ் மனைவியின் ஊருக்கு வந்து, அவளையும் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அரசியலில் அவருடைய மூலதனமே ஞாபகசக்திதான். மீன் விற்பவளின் பெயரோடு அவள் நாயின் பெயரையும் சொல்லி விசாரிப்பார்; வாக்குகள் தாமாக விழும்.

தவமணி இருந்த அகதி முகாமுக்கும் அப்படித்தான் வந்தார். ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக் கைகுலுக்கினார். யாரையும் திருப்பி அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். தேர்தல் நெருங்கியதும் நாடுகடத்தும் உத்தரவில் அவரே கையெழுத்துப் போட்டார். தவமணியின் அண்ணன் செல்வரட்ணத்தை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியவன் வீடு போய்ச் சேரவேயில்லை.

மனோரஞ்சிதம் குளியலறைக்குள் புகுந்து புருஷன் இராசரத்தினத்துக்கு போன் போட்டு, கிழவர் தன்னை அடையாளம் கண்டுவிட்டார் என்றாள்.

"விசர்க்கதை கதையாதை," பைத்தியமா என்பதுபோல் சிரித்தான் அவன். "கிழவனுக்குக் காலமை குடிச்ச கோப்பியே ஞாபகம் இராது."

"என்ர பேரைச் சொல்லிப்போட்டானப்பா."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "உடனை வெளிக்கிட்டு வா."

வாசல் மணி அடித்தது. லூடர்ஸின் சொந்த ஊர்ப் பத்திரிகையிலிருந்து வந்த நிருபர், இங்கா. அவருடைய அரசியல் வாழ்க்கையைத் தொடராக எழுதுகிறாளாம். இப்போது ஓடினால் சந்தேகம் வரும். மனோரஞ்சிதம் கோப்பி ஊற்றினாள். ஜெர்மன் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

பழைய தேர்தல்களை எல்லாம் கிளறிவிட்டு, இங்கா முகாமுக்கு வந்தாள்.

"அந்த அகதிகளுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்ததாக ஒரு பேச்சு உண்டே?"

லூடர்ஸ் மெல்லத் திரும்பி மனோரஞ்சிதத்தைப் பார்த்தார். முடிந்தது கதை.

"இல்லை," என்றார் அவர். "ஒரு முகம்கூட நினைவில்லை."

சற்று முன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அதே வாய். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கிழவர் அவளுக்குப் பயப்படுகிறார்.

இங்கா அவள் பக்கம் திரும்பி டேனிஷில் கேட்டாள்: தமிழ் ஆட்களில் அந்த முகாமில் இருந்த யாரையாவது தெரியுமா? ஒரே ஒரு சாட்சி போதும்.

அண்ணனுக்காக வாய் திறக்கலாம். திறந்தால் தவமணியாகத்தான் திறக்கவேண்டும்.

"எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது."

இங்கா புறப்படும்போது, யாராவது அகப்பட்டால் கூப்பிடச் சொல்லித் தன் விலாச அட்டையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"அதை இங்கே கொடு," என்றார் லூடர்ஸ் ஜெர்மனில்.

 மனோரஞ்சிதம் அட்டையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு மேலங்கியை எடுத்தாள்.

"முடியாது," என்றாள், அவருடைய மொழியிலேயே.