நம்பர் சுரண்டிய பேரிங்

என் வீட்டுக்காரர் மத்தியாஸுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால்கூட வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து, புதுக்கடை ஜங்ஷனில் கியர் சைக்கிள் கடை வைத்தார். சைக்கிள் விற்பதில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. லாபமெல்லாம் சில்லறைச் சாமானில்தான். ஹேண்டில் பாரின் நுனியை அடைக்கும் மூடி, பிரேக் கட்டை, சக்கரத்துக்குள் உட்காரும் பேரிங், எல்லாம் உள்ளங்கையில் அடங்கிவிடும். விலையைக் கேட்டால்தான் உள்ளங்கை வியர்க்கும்.

பேரிங்கில் ஒரு சூட்சுமம் உண்டு. சைக்கிளுக்கென்றே பளபள அட்டையில் வந்தாலும், அது தண்ணீர் மோட்டாரில் போடுகிற அதே பேரிங்தான். விளிம்பில் இருக்கும் நம்பரைச் சொன்னால் மோட்டார் ரிப்பேர் கடைக்காரர் எழுபது ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்துவிடுவார். எங்கள் கடையில் அறுநூறு. அதனால் புதுச் சரக்கு வந்ததும் இவர் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு எமரித் தாளால் நம்பரைத் தேய்த்து அழித்துவிடுவார். நாகர்கோவிலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலைக்கு நின்ற காலத்தில் கற்ற வித்தையாம். கல்லாவில் உட்கார்ந்து அந்தச் சரசரப்பைக் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். கடை வாடகையும் அதிலிருந்துதான் வருகிறது என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் பொன்னுலிங்கம் சார் எங்கள் தலையில் வந்து விடிந்தார். நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம், பென்ஷன், போதாததற்கு ரப்பர் தோட்டம். சைக்கிள் எங்களிடம் வாங்கியதுதான். வாரம் தவறாமல் வருவார். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து விலை கேட்பார். “கொள்ளாம்” என்று மெச்சுவார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். ஹேண்டில் மூடிக்கு அரிஷ்டக் குப்பியின் மூடி கச்சிதமாகப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தது அவர்தான். காற்றடிக்கும் பம்பின் ரப்பர் வளையத்துக்குக் குளச்சலில் போட் எஞ்சின் சாமான் விற்கும் கடை வரை போய்வந்தார். கண்டுபிடித்ததையெல்லாம் போட்டோ எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வட்டக்கோட்டை வரை சவாரி போகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். அந்தக் குரூப்பில் என் வீட்டுக்காரரும் இருக்கிறார்.

“ஏட்டி, இவரு வெறும் ஆளு இல்ல. எவனோ எதிர்க்கடை போடப்போறான். வேவு பாக்க இவர விட்டிருக்கான்.”

“பென்ஷன் வாங்குற மனுஷன். பொழுது போவல்ல, வாராரு.”

“பொழுது போவல்லன்னா தோட்டத்துல போய் நிக்கட்டும். எனக்க கடை மேல எதுக்குக் கண்ணு?”

ஒரு நாள் காலையில் இவர் புட்டைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். குரூப்பில் ஒரு பேரிங்கின் படம். கீழே பொன்னுலிங்கம் சார் எழுதியிருந்தார்: ‘மத்தியாஸ் கடையில் அறுநூறு. மோட்டார் கடையில் எழுபது. 6001 என்று கேட்டு வாங்கவும்.’

தேய்த்து அழித்த நம்பர் எப்படி வெளியே போயிற்று? தெரிந்தவர்கள் மூன்றே பேர். இவர், நான், மெக்கானிக் லிஜோ.

லிஜோ கடை தொடங்கிய நாள் முதல் எங்களோடு இருப்பவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். முதல் பிரசவத்துக்கு மனைவி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்துவிட்டால் எதுவும் சாதாரணமாகத் தெரிவதில்லை. பொன்னுலிங்கம் சாரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தானே? கையில் புதுப் போன் எப்படி வந்தது? துபாயில் இருக்கும் மச்சான் கொடுத்துவிட்டது என்று அவன் சொன்னதை நான் முன்பு அப்படியே நம்பியிருந்தேன். இப்போது அவன் போன் பேச வெளியே போனால் என் காதும் கூடவே போயிற்று.

“ஏலே, நம்பர அந்தாளுக்க கிட்ட சொன்னது நீதானே?” இவர் ஒரு மத்தியானம் போட்டு உடைத்தார்.

“எந்த நம்பரு அண்ணா? நான் ஏன் சொல்லணும்?”

“குருசடியில வந்து சத்தியம் பண்ணுவியா?”

லிஜோவின் முகம் வெளுத்துவிட்டது. ஜங்ஷன் மூலையில் சிலுவை நிற்கும் அந்தோனியார் குருசடியில் யாரும் விளையாட்டுக்குச் சத்தியம் செய்வதில்லை. பொய்ச் சத்தியம் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று பயம். அவன் சோப்புத்தூள் போட்டுக் கையிலிருந்த கிரீஸைக் கழுவினான். எங்களுக்கு முன்னால் நடந்து போய் குருசின் அடியில் கையை வைத்தான்.

“அந்தோனியாரே, நான் சொல்லல்ல. சொல்லியிருந்தா எனக்க வீட்டுல ஒண்ணும் தங்கண்டாம்.”

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டை வைத்து ஒருவன் சொல்லும் வார்த்தையா அது! அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவன் கிளம்பும்போது இவர் வாசலை மறித்தார்.

“நில்லு. அந்தாளுக்குச் சாமான் எதாவது கொண்டு போறியான்னு பாக்கணும்.”

சட்டைப்பை, பேன்ட் பை எல்லாவற்றையும் தடவினார். அடுத்த கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது மனைவிக்கு வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை ஒரு அட்டை, சாவி, கசங்கிய பஸ் டிக்கெட். லிஜோ அதையெல்லாம் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

“பாத்தியா? குற்றம் இல்லேன்னா வந்திருப்பாம்லா?” என்றார் இவர். கொஞ்சம் அப்படித்தான் எனக்கும் தோன்றியது.

அந்த வாரமும் பொன்னுலிங்கம் சார் வந்தார். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் இவர் பாய்ந்தார்.

“சாரே, உள்ளதச் சொல்லணும். நம்பரு சொல்ல லிஜோவுக்கு என்ன குடுத்தீங்க?”

“லிஜோவா? அவன் எதுக்கு? நீருதானே தந்தீரு!”

“நானா?”

“முன்சக்கரத்துக்குப் பேரிங் மாத்தினீரே, அன்னைக்கு. பழச பேப்பர்ல பொதிஞ்சு எனக்க கையில திணிச்சீரு. வாங்கிட்டுப் போங்க சாரே, பின்ன மாத்தல்லன்னு சொல்லப்பிடாதுன்னீரு. வீட்டுல போய் மண்ணெண்ணெயில கழுவினேன். நம்பரு நல்லாத் தெளிவா இருந்துது.”

“அப்ப அவனுக்க கூட டீக்கடையில இருந்தது?”

“அங்க ஒரே பெஞ்சுதானே வேய் கெடக்கு?”

புதிதாகப் போட்டதன் நம்பரை இராப்பகலாகத் தேய்த்தவர், கழற்றிய பழையதை நம்பரோடு ஒவ்வொரு வாடிக்கையாளர் கையிலும் தானே கொடுத்து அனுப்பியிருக்கிறார். பழசைக் கையில் வாங்காமல் இந்த ஊரில் யாரும் சாமான் மாற்றியதாக ஒத்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் சந்தேகப்படக் கூடாதே என்று செய்த காரியம் இது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குருசடி நினைவு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. கோபத்தில் நான் இவரைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பொன்னுலிங்கம் சார் விலைகூடக் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றே கடையைச் சாத்திவிட்டு இருவரும் லிஜோ வீட்டுக்குப் போனோம். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றார்.

“தப்பு எனக்க பேருலதான் மக்கா. மனசுல வச்சிக்காத. கடைக்கு வா.”

லிஜோவின் மனைவி இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. லிஜோ ஒரு தம்ளரை எடுத்து இவர் கையில் கொடுத்தான்.

“வாறேன் அண்ணா. ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு.”

வந்தான். வேலையில் ஒரு குறையும் இல்லை. முன்போலவே அக்கா என்று கூப்பிடுகிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து, கடைக்கே லட்டு கொண்டுவந்து கொடுத்தான். இவரும் எமரித் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டார். பேரிங் விலையையும் பாதிக்குமேல் குறைத்துவிட்டார்.

ஆனால் தினமும் சாயங்காலம் கை கழுவியதும் லிஜோ நேராகக் கல்லாவுக்கு வருகிறான். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டுகிறான். பேன்ட் பை இரண்டையும் வெளியே தள்ளுகிறான். டிபன் பாத்திரத்தைத் திறந்து என் முன்னால் சரித்துப் பிடிக்கிறான்.

“வேண்டாம் மக்கா, போவட்டும்” என்று இவர் முதல் நாளே கெஞ்சினார்.

“நீங்க கேக்கல்ல அண்ணா. நான்தானே காட்டுறேன்” என்றான், கோபமே இல்லாமல்.

இப்போது அவன் கை கழுவும் சத்தம் கேட்டதும் இவர் உள்ளறைக்குள் போய்விடுகிறார். நான் போக முடியாது. பார்க்கும்வரை லிஜோ அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அதனால் நான் ஒவ்வொரு பையாகப் பார்க்கிறேன். பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறான்.